கண்ணாடிக்குள் ஓர் உலோகத் துகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கவியரங்கம் முடிந்து நூல் வெளியீடு தொடங்குவதற்கு முன் கிடைத்த இடைவெளியில், துவாக்குடிப் பகுதியில் உலோகங்களையும் செராமிக் பொருள்களையும் பற்றிப் பாடம் சொல்லிப் பிழைக்கும் ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். எதைப்பற்றியும் பேசலாம், ஆனால் சொந்தத் துறையை விட்டு விலகக்கூடாது என்று செயலாளர் நிபந்தனை விதித்துவிட்டார். ஆகவே, நொறுங்கும் இயல்புடைய கண்ணாடியில் உலோகத் துகள்களைக் கலந்து, எளிதில் உடையாத பொருளாக அதை மாற்றும் முயற்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முடிவில் உங்களிடம் ஒரு சொல்லைக் கேட்பேன். அந்தச் சொல்லுக்காகவே இந்த அழைப்பை ஏற்றேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் கவிஞர்கள் கண்ணாடிக்குச் செய்துவரும் ஓர் அநீதியிலிருந்து தொடங்கலாம். மனம் உடைந்தால் கண்ணாடி. நட்பு முறிந்தால் கண்ணாடி. கனவு சிதறினாலும் கண்ணாடி. இன்றைய கவியரங்கில் மட்டும், நான் எண்ணியவரையில், நான்கு முறை கண்ணாடி உடைந்தது. கண்ணாடி என்றாலே வலுவற்றது என்பது உவமை மரபாகிவிட்டது. கண்ணாடி வலுவற்ற பொருள் அன்று, நண்பர்களே. அதன் அணுப் பிணைப்புகள் மிக உறுதியானவை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது.

அக்குறையை ஆராய்ந்தவர்களுள் நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. திருவானைக்காவில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி. வி. இராமனை ஒளிச்சிதறலுக்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1928-இல் அக்கண்டுபிடிப்பு நிகழ்வதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது, மோதலால் கண்ணாடி போன்ற திண்மங்களில் தோன்றும் முறிவு உருவங்களைப் பற்றி அவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் உருண்டையான குண்டு ஒன்று மோதினால், விரிசல் தொட்ட இடத்திலிருந்து உள்நோக்கிக் கூம்பாக விரிந்து செல்கிறது. கவண்கல் பட்ட சன்னல் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கல் பட்ட பக்கத்தில் துளை சிறிது, மறுபக்கத்தில் பெரிது. அந்த ஒழுங்கில் இராமன் மனம் பறிகொடுத்தார். உடைவது என்பது தாறுமாறான நிகழ்ச்சி அன்று, அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதை அக்கூம்பு காட்டியது. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவிலும் நாம் கூட்டம் நடத்தும்போதெல்லாம் இந்தக் கட்டுரையையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

மறு ஆண்டே, 1920-இல், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கிரிஃபித் என்னும் பொறியாளர் அந்த இலக்கணத்தின் முதல் நூற்பாவை எழுதினார். அவர் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்தார். ஒவ்வொன்றையும் எடை தொங்கவிட்டு அறுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் தடித்த இழையைவிட, மில்லிமீட்டரில் 300-இல் ஒரு பங்கே தடித்த இழை, அதே பரப்புக்கு ஏறக்குறைய 20 மடங்கு பாரம் தாங்கியது. பொருள் ஒன்றே, உலை ஒன்றே. மெலியும்போது வலிமை கூடுவானேன்? தடித்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை என்று அவர் முடிவு கட்டினார். கண்ணாடி தன் வலிமையின்மையால் உடைவதில்லை. தன் மேலுள்ள கீறலால் உடைகிறது.

இங்கே ஒரு வினா எழும். எஃகிலும் கீறல் உண்டே, அது ஏன் பொலபொலவென்று உதிர்வதில்லை? விரிசலின் முனையில் என்ன நடக்கிறது என்பதே விடை. எஃகில் விரிசல் முனைக்கு முன்னுள்ள பகுதி நெளிகிறது, இளகுகிறது, இழுபடுகிறது, கூர்முனை மழுங்கிவிடுகிறது. கண்ணாடியில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாற வழியில்லை. முனை கூராகவே நிற்கிறது. வந்த விசையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. ஒரு பிணைப்பு அறுந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வேகமெடுத்த விரிசல், நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைவில் ஓடிவிடுகிறது. 

அளவில் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பிளவைக் கண்ணாடியில் உண்டாக்கச் சுமார் 10 ஜூல் ஆற்றலே போதும். ஒரு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் உழைப்பு அவ்வளவே. மென்மையான எஃகில் அதே பரப்புள்ள பிளவுக்கு ஓர் இலட்சம் ஜூல் அளவு வேண்டும். அஃது ஒரு டன் எடையை மூன்று மாடி உயரத்திற்கு ஏற்றும் உழைப்பு. இந்த இடைவெளியில் ஒரு சிறு பங்கையேனும் கடக்க முடியுமா என்பதே எங்கள் துறையின் கவலை.

கண்ணாடிக்குள் உலோகத்தை வைப்பது நமக்குப் புதிது அன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், 1945-இல் வீலர் அகழ்ந்ததற்கு முன்னும் பின்னும், கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒளிபுகாத செம்மணிகளுக்குச் செந்நிறம் தந்தது செம்பு. காற்று குறைவாகப் புகும் உலையில், உருகிய கண்ணாடிக்குள்ளேயே செம்பு மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நின்றது. கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை சென்ற மணிகள் இவை. ஆயினும் அந்தச் செம்பு அழகுக்காக வந்ததே தவிர, உறுதிக்காக வரவில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளை விரிசல் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

தொழிற்சாலைக் கூரைகளிலும் பழைய கட்டடக் கதவுகளிலும் கம்பிவலை பதித்த கண்ணாடியைக் கண்டிருப்பீர்கள். அதுவாவது உறுதியானதா என்றால், இல்லை. கம்பி பதித்த கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடச் சற்று எளிதிலேயே விரிசல் விடும். உடைந்த துண்டுகள் கீழே விழாமல் கம்பி பிடித்துக்கொள்ளும்; நெருப்பு நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் விரிசலைத் தடுப்பது வேறு, விரிசல் விட்ட பிறகு துண்டுகளைத் தாங்குவது வேறு. ஆதலால் உலோகம் உள்ளே இருந்தால் மட்டும் போதாது. அது கண்ணாடியோடு எந்த உறவில் இருக்கிறது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு ஒழுங்கான விடை தேடிய ஆய்வுகளுள் ஒன்று 1981-இல் வந்தது. கிறிஸ்டிச், நிக்கல்சன், ஹோக்லண்ட் ஆகிய மூவர், அமெரிக்கச் செராமிக் கழகத்தின் இதழில், நிக்கல், அலுமினியம் துகள்களைக் கண்ணாடியில் கலந்து ஆராய்ந்ததை வெளியிட்டனர். அவர்களுக்குப் பின் மாலிப்டினம், வனேடியம் முதலியவற்றைக் கொண்டு பலர் அதே வழியில் சென்றனர். செய்முறை எளியது: கண்ணாடியை மாவாக அரைத்து, உலோகப் பொடியோடு கலந்து, அச்சில் அழுத்தி, கண்ணாடி இளகும் வெப்பத்தில் இறுக்குவார்கள். உலோகத்தின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை. சொல்வதற்குத்தான் எளிது, உள்ளே காற்றுக்குமிழ் ஒன்று தங்கினால் அதுவே அடுத்த கீறலாகிவிடும்.

விரிசல் ஓடிவருகிறது, துகள் குறுக்கே நிற்கிறது. அந்த இடத்தில் நடப்பதே இந்த இயலின் உயிர். துகளும் கண்ணாடியும் வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால், விரிசல் துகளின் ஓரமாக வழுக்கிச் சுற்றிப் போய்விடும். கல்லைச் சுற்றி ஓடும் வாய்க்கால் நீர் போல. துகளும் கண்ணாடியும் இறுகப் பிணைந்திருந்தாலோ, விரிசல் துகளைத் தாண்டியாக வேண்டும். உலோகமோ அறுவதற்கு முன் இழுபடும். விரிசலின் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு, பாலம்போல் நின்று, நீண்டு, மெலிந்து, கடைசியில்தான் அறும். அந்த இழுபறியில் செலவாகும் ஆற்றலே கண்ணாடிக்குக் கிடைக்கும் இலாபம்.

அப்படியாயின் பிணைப்பு எங்கிருந்து வருகிறது? தூய உலோகத்தின்மேல் உருகிய கண்ணாடி படியாது; தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டு நிற்கும். உலோகத்தின் மேற்பரப்பு சிறிது ஆக்சைடாகியிருந்தால், அந்த மெல்லிய தோல் கண்ணாடியில் ஓரளவு கரைந்து, இரண்டையும் ஒட்டவைக்கிறது. நாம் துரு என்று வெறுக்கும் அதே இனத்துப் பொருள்தான், அளவோடு இருந்தால், இங்கே தரகர். மிகுந்தால் அதுவே நொறுங்கும் ஏடாகிவிடும். எவர்சில்வர் வருவதற்கு முன் நம் வீடுகளில் புழங்கிய எனாமல் தட்டை நினைத்துப் பாருங்கள். வெள்ளைவெளேரென்ற அப்பூச்சு கண்ணாடிதான், உள்ளே இரும்பு. தட்டு கீழே விழுந்து விளிம்பு பெயர்ந்தால் கருநிறம் தெரியுமே, அவ்விடத்தில் பெரும்பாலும் அடிப்பூச்சு இரும்பை விடாமல் பற்றியிருக்கும். இரும்பை ஒட்டிய அந்த முதற்பூச்சில் கோபால்ட்டு ஆக்சைடு போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து, இரும்பின் ஆக்சைடின் வழியாகவே பிடிப்பை உண்டாக்கினார்கள். எனாமல் தொழிலாளிகள் கைப்பழக்கமாக அறிந்ததை ஆய்வகம் துகள் அளவில் மறுபடி கற்றுக்கொண்டது என்றே சொல்வேன்.

இரண்டாவது நிபந்தனை, சூட்டில் இரண்டும் ஒத்து விரிய வேண்டும், ஆறும்போது ஒத்துச் சுருங்க வேண்டும் என்பது. அலுமினியம் சன்னல் கண்ணாடியைவிட இரண்டரை மடங்கு விரியும். ஆறும்போது அது அவ்வளவு அதிகமாகச் சுருங்கிக் கண்ணாடிச் சுவரிலிருந்து பிரிந்துவிடப் பார்க்கும். கண்ணாடி அதிகமாகச் சுருங்கினால், துகளைச் சுற்றித் தானே வெடிக்கும். ஆகவே உலோகத்திற்கேற்ற கண்ணாடியைத் தேடிப் பொருத்த வேண்டியிருக்கிறது. பழைய குண்டு பல்பின் அடியில் கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் கம்பி வெறும் செம்பு அன்று. நிக்கல்–இரும்புக் கலவைமேல் செம்பு போர்த்திய கம்பி. கண்ணாடியோடு ஒத்து விரிவதற்காகவே அதை அப்படிச் செய்தார்கள். இல்லாவிடில் பல்பு எரிந்து அணைந்த முதல் நாளே காற்று உள்ளே புகுந்திருக்கும்.

மூன்றாவதாக விறைப்பும் உண்டு. கண்ணாடியைவிட விறைப்பான துகளை விரிசல் ஒதுக்கிப் போகும். விறைப்புக் குறைந்த துகளை நாடி வரும். நிக்கலின் விறைப்பு கண்ணாடியினதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு; அலுமினியத்தினது கண்ணாடிக்குச் சமம். இதை விரிவாகச் சொல்லக் கணக்கு வேண்டும், விட்டுவிடுகிறேன்.

பலன் எவ்வளவு? விரிசலை எதிர்க்கும் திறனைக் குறிக்கும் எண் சாதாரணக் கண்ணாடிக்கு எங்கள் அலகில் ஒன்றுக்கும் குறைவு. முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகத் துகள் கலந்தால் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆகும்; நல்ல பிணைப்பு அமைந்தால் இன்னும் சற்றுக் கூடும். எஃகோ ஐம்பதைத் தாண்டி நிற்கிறது. இதற்கு விலையாக ஒளி ஊடுருவும் பண்பு போய்விடுகிறது. முகம் பார்க்கவோ சன்னலில் மாட்டவோ இது பயன்படாது. இவ்வளவு பாடுபட்டு ஆய்வகத்தைவிட்டு அதிகம் வெளியே வராத ஒரு பொருளைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம்.

வெளியே வந்த உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரை இங்கே, துவாக்குடித் தொழிற்பேட்டையின் எந்தக் கடைசல் பட்டறையிலும் சந்திக்கலாம். திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்து வளர்ந்த பட்டறைகள் இவை. எஃகைச் சீவும் கருவியின் நுனியில் விரல்நகம் அளவு சாம்பல் நிறத் துண்டு ஒன்று இருக்கும். தொழிலாளர்கள் அதைக் கார்பைடு என்பார்கள். மூத்தவர்கள் ‘விடியா’ என்பார்கள். 1920களில் செருமனியில் பிறந்த பொருள்; ‘வைரம் போல’ என்று பொருள்படும் செருமன் தொடரைச் சுருக்கி வைத்த வணிகப்பெயர் அது. நம் காதில் விடியாத இரவாக ஒலிக்கிறது! டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினமானது, ஆனால் தனித்து நின்றால் நொறுங்கும். அதன் மணிகளுக்கிடையே நூற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பங்கு கோபால்ட்டு உலோகம் புகுந்து பசைபோல் பிடித்திருக்கிறது. கோபால்ட்டைக் கூட்டினால் கடினம் குறையும், உடையாமை கூடும், குறைத்தால் மறுதலை. கண்ணாடியில் துகளாகச் சிதறிக்கிடந்த உலோகம் இங்கே வலையாகப் பின்னியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

அதிலும் எல்லை உண்டு. சீவிக்கொண்டிருக்கும்போதே எந்திரத்தைச் சட்டென்று நிறுத்தினால் நுனி பெயர்ந்துவிடும் என்று புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். கடினமான பொருள் ஆயிற்றே, எப்படிப் பெயரும் என்று அவன் திகைப்பான். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளின் துளைப்பான் முகத்தில், பொத்தான்கள்போல் பதிந்திருப்பவையும் இதே கார்பைடுதான். தமிழகத்தின் பெரும்பகுதி கடும்பாறை. ஆயிரம் அடிக்கு அப்பால் நம் குடிநீரைத் தொடுவது, ஒவ்வோர் அடியிலும் உடையக்கூடிய கார்பைடு மணிகளும் அவற்றை உடையவிடாமல் பிடித்திருக்கும் கோபால்ட்டும் சேர்ந்துதான்.

இனி என் வேண்டுகோள். ஆங்கிலத்தில் நான்கு தனிச் சொற்களால் சொல்லும் நான்கு பண்புகள் உள்ளன. கீறல் ஏற்காத பண்பைக் கடினம் என்கிறோம். பாரம் தாங்குவது வலிமை. வளைய மறுப்பது விறைப்பு. இந்த மூன்றும் கண்ணாடிக்கு உண்டு. கண்ணாடிக்கு இல்லாதது நான்காவது: கீறல் இருந்தும் உடையாதிருக்கும் பண்பு. அதற்கு வகுப்பறையில் நான் என்ன சொல்வேன்? சில வேளை ‘கடினத்தன்மை’ என்றே சொல்லிவிடுகிறார்கள். சில வேளை ‘உறுதி’, சில வேளை ‘வலிமை’. தமிழ்வழியில் படித்துத் தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவன், கடினமானது உடையாது என்று நம்பி எழுதுகிறான். அரம் மிகக் கடினமானது, கீழே போட்டால் ஒடிகிறது. தேர்வுத்தாளில் அந்தப் பிழைக்கு இரண்டு மதிப்பெண் போகும். கொதிகலன் குழாயில் அந்தப் பிழை நேர்ந்தால் போவது மதிப்பெண் அன்று.

தமிழில் வளம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒடிதல், முறிதல், நொறுங்குதல், விண்டுபோதல், நெளிதல், நசுங்குதல், துவளுதல் என்று உடைவதற்கும் உடையாததற்கும் நம்மிடமுள்ள வினைகள் ஆங்கிலேயனுக்குப் பொறாமை தருபவை. முருங்கை மரத்தில் ஏறாதே, கிளை ஒடியும் என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். புளியம் விளார் ஒடியாது என்பது பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய எல்லாருக்கும் தெரியும். கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவேதான் பதம் பார்க்கிறார். அறிவு இருக்கிறது, அதைத் தாங்கும் பெயர்ச்சொல் ஒன்று பாடநூலுக்கு வந்து சேரவில்லை.

நானும் முயன்று பார்த்தேன். ‘வைரம்’ என்ற சொல்லை முதலில் எண்ணினேன். வைரம் பாய்ந்த கட்டை எளிதில் பிளக்காது. ஆனால் அதே பெயருள்ள மணிக்கல்லோ, தளம் பார்த்து ஓர் அடி அடித்தால் இரண்டாகப் பிளந்துவிடும். திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டிப் பழகியவர்களைக் கேட்டால் மணிக்கற்களின் இந்த நொய்மையைச் சொல்வார்கள். ஒரே சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரு பண்புகளைச் சுமக்கிறது. ‘கெட்டி’ என்பது பேச்சில் நன்றாக ஓடும், ஆனால் அது கடினத்தையும் குறிக்கும். ‘முறியாமை’, ‘ஒடியாமை’ இரண்டும் எதிர்மறைச் சொற்கள். இல்லாததைச் சொல்கின்றனவே தவிர, உள்ளே நடக்கும் இழுபறியைச் சொல்லவில்லை. என் மனத்துக்கு நெருங்கி வருவது ‘தாக்குப்பிடித்தல்’. பிடித்தல் என்ற வினை அதில் இருக்கிறது. விரிசலின் இரு கரைகளையும் உலோகத் துகள் பற்றிக்கொண்டு நிற்பதும் ஒரு பிடித்தல்தான். எனினும் ‘தாக்குப்பிடிதிறன்’ என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில் தவறும் இல்லை.

சொல்லைச் செதுக்குவது உங்கள் தொழில். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு சொல்லேனும் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கொல்லுப்பட்டறையிலோ கடைசல் பட்டறையிலோ வேலை செய்பவரிடம் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. நான் ஓர் எனாமல் தட்டும், நுனி பெயர்ந்த ஒரு கார்பைடுத் துண்டும் எடுத்து வருகிறேன்.